முழங்கை வரைக்கும்

கிரேன் ஒன்று கரண்ட் கம்பியில் முட்டி நிற்கிறது, உங்கள் ஆள் இருபது அடி தள்ளித் தரையில் கிடக்கிறான்: நீங்கள் எத்தனை எட்டு எடுத்து வைப்பீர்கள்?

ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வீர்கள் என்று தெரியும். ஓடுவேன், இழுப்பேன், கட்டையால் தட்டிவிடுவேன். சரியான பதில் பூஜ்யம். ஓர் எட்டுகூட வைக்கக்கூடாது. நான் வைக்கவில்லை. பி.டெக் எலக்ட்ரிக்கல், இரண்டு அரியரோடு முக்கி முடித்தது. முதுகில் சேஃப்டி என்று எழுதிய பச்சை ஜாக்கெட் போட்டுக்கொண்டு கெத்தாகத் திரிகிற வேலை. கிடந்தது என் அக்கா புருஷன். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஓடப் பார்த்தவர்களையும் கையை விரித்து மறித்தேன்.

இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே அத்தானுக்கு நாலாவது ஆபரேஷன். வலது முழங்கை மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள், திருத்துகிற நிலைமையில் இல்லை.

அத்தான் பெயர் சுடலை. ரிக்கர். அதாவது கிரேன் கொக்கியில் சரக்கைக் கட்டி மாட்டி, அது ஆடாமல் கயிறு பிடித்து ஏற்றி இறக்குகிறவர். தென்காசிப் பக்கம் ஊர், திருவனந்தபுரம் வந்து பல வருஷம். நான் வேலைக்குச் சேர்ந்த காண்ட்ராக்டரிடம் எனக்கு ரொம்ப முன்னாலிருந்தே இருக்கிறார். சைட்டில் நான் சொல்வதை அவர் கேட்க வேண்டும், வீட்டில் அவர் வந்தால் நான் எழுந்து நிற்க வேண்டும். இந்தச் சிக்கலை நாங்கள் காமெடியாக்கி வைத்திருந்தோம். எல்லார் முன்னாலும் என்னை சார் என்பார். அப்புறம் காதருகே வந்து, “மாப்ள, ஜிப்பு தெறந்து கெடக்கு” என்பார்.

ஆரியசாலையில் ஒரு பழைய கிடங்கை லாட்ஜ் ஆக்குகிற வேலை. மூன்றாம் மாடிக்கு இரும்பு பீம் ஏற்ற வேண்டும். சந்தின் ஓரமாகப் பதினோராயிரம் வோல்ட் லைன் போகிறது. பத்து மணிக்கு லைனை ஆஃப் செய்யச் சொல்லி கரண்ட் ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தோம். ஆனால் பத்து மணிக்கு அந்தச் சந்தில் மொத்தக்கடைச் சரக்கு லாரிகள் வந்து அடைத்துக்கொள்ளும். அதனால் ஏழு மணிக்கே ஒரு பீமை மட்டும் ஏற்றிவிடலாம், கிரேனின் கை லைன் பக்கம் போகாது என்று முடிவானது. முடிவானதாம். எவனோ முடிவு செய்த மாதிரி எழுதுகிறேன் பாருங்கள். நானும்தான் தலையாட்டினேன்.

பீம் காற்றில் சுழலாமல் இருக்க அதன் நுனியில் ஒரு கயிறு கட்டி, கீழே ஒருவர் பிடித்துக்கொள்வார். அதற்கென்றே ஸ்டோரில் புது நைலான் கயிறு இருக்கிறது. காய்ந்தது, சுத்தமானது. அத்தானுக்கு அது ஆகாது. வழுக்கும், உள்ளங்கையைச் சுடும் என்பார். அவருக்குச் சாலைக் கடையில் வாங்கின தென்னை நார்க் கயிறுதான் வேண்டும். புது நார் முள்ளாகக் குத்தும். அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு: வந்ததும் கயிற்றை வாளித் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வருவதற்குள் நார் மெத்தென்று ஆகிக் கைக்குள் அடங்கிவிடும். நழுவாமல் இருக்க அதை வலது கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார்கள். ஆண்டாண்டாக இப்படித்தான். ஒருவனுக்கும் ஒன்றும் ஆனதில்லை, ஏனென்றால் அது வரைக்கும் எந்தக் கிரேனும் கம்பியைத் தொட்டதில்லை.

காய்ந்த நைலானைக்கூட முழுசாக நம்பக்கூடாது என்றுதான் பாடம். நனைந்த நார் என்றால் அது கயிறே இல்லை, வயர். இது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

அன்றைக்கு அந்த வாளிக்குக் குழாயைத் திறந்துவிட்டது நான்தான்.

“தண்ணி நெறைய விடு மாப்ள, இந்தக் கயிறு ரொம்பக் குத்துது” என்றார். விட்டேன்.

பீம் இரண்டாம் மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது பத்து மணிக்கு வர வேண்டிய சரக்கு லாரி ஒன்று ஏழரைக்கே வந்து ஹாரன் அடித்தது. கிரேன் ஓட்டுகிற ராஜேட்டன் வழி விடலாம் என்று கிரேனின் கையைக் கொஞ்சம் திருப்பினார். கம்பியைப் பார்த்துக்கொண்டே இருப்பது மட்டும்தான் என் வேலை. அந்த நேரம் நான் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். படாரென்று ஒரு சத்தம். திரும்பினால் கிரேனின் கை கம்பியில் முட்டி நிற்கிறது, அத்தான் தரையில் கிடக்கிறார். கயிறு கையிலேயே சுற்றியிருக்கிறது. சந்து முழுக்கக் கடை லைட்டுகள் அணைந்துவிட்டன.

எல்லாரும் கரண்ட் போய்விட்டது என்று ஓடி வந்தார்கள். நான் கத்தினேன். லைன் தானாக ட்ரிப் ஆனால், சில சமயம் தானாகவே திரும்பி ஆன் ஆகும். மரக்கிளை மாதிரி ஏதாவது பட்டு விலகியிருக்கும் என்று நினைத்து அது தானே ஒரு முறை முயன்று பார்க்கும். அதனால் செத்த கம்பி என்று ஆபீசிலிருந்து சொல்கிற வரைக்கும் அது உயிருள்ள கம்பிதான். ராஜேட்டனைப் பார்த்து இறங்காதீர்கள், சீட்டிலேயே இருங்கள் என்று கூவினேன். ஒரு கால் கிரேனிலும் ஒரு கால் தரையிலும் வைத்திருந்தால் அவரும் போயிருப்பார்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கரண்ட் திரும்பி வந்தது. கயிற்றிலிருந்து புகை எழுந்தது. அத்தானின் உடம்பு ஒரு தடவை வில்லாக வளைந்து விழுந்தது.

நான் மறித்து வைத்திருந்த நிமிஷம் அது. எவனாவது ஓடிப்போய் இழுத்திருந்தால், ஒருவேளை இரண்டாவது அடி அத்தானுக்கு விழுந்திருக்காது. ஒருவேளை இழுத்தவனும் சேர்ந்து செத்திருப்பான். பன்னிரண்டு நாளாக இந்த இரண்டு ஒருவேளையையும் மாற்றி மாற்றி மென்றுகொண்டிருக்கிறேன். லைனை ஆஃப் செய்துவிட்டோம் என்று போனில் உறுதியாகச் சொல்லும் வரைக்கும் நான் அவருடைய கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசைந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் முதல் விஷயம், காயம் சின்னதாக இருந்தது. உள்ளங்கையில் ஒரு கறுப்பு வரி, இடது குதிகாலில் கொட்டைப்பாக்கு அளவில் ஓர் ஓட்டை. அவ்வளவுதானா என்று எனக்கு சந்தோஷமே வந்துவிட்டது. டாக்டரம்மா என் மூஞ்சியைப் பார்த்துப் புரிந்துகொண்டு விளக்கினார். தீக்காயம் வெளியிலிருந்து உள்ளே போகும், கரண்ட் காயம் உள்ளிருந்து வெளியே வரும். எலும்பை ஒட்டிய சதை முதலில் வேகும், தோல் கடைசியில்தான் காட்டிக்கொடுக்கும். எவ்வளவு போயிருக்கிறது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது, அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வரும் என்றார்.

மூத்திரம் கட்டன்சாயா, அதாவது பால் விடாத டீ நிறத்தில் பையில் இறங்கியது. செத்த சதையிலிருந்து வருகிற சாயம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறதாம், பெயர் மயோகுளோபின். அதைக் கழுவி வெளியேற்ற பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினார்கள். இதயத்துக்கென்று தனியாக ஒரு சின்னக் கரண்ட் ஓடுகிறது அல்லவா, அது தாளம் தப்புகிறதா என்று பார்க்க நெஞ்சில் ஒயர் ஒட்டி மானிட்டரில் மாட்டினார்கள். அன்று மாலையே முதல் ஆபரேஷன். ஃபேஷியாட்டமி. கைச்சதையைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. உள்ளே சதை வீங்குகிறது, உறை விரியாது, ரத்தம் ஓட இடமில்லாமல் மிச்சச் சதையும் சாகும். அதனால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளமாகக் கீறி உறையைத் திறந்து விடுகிறார்கள். தைக்கமாட்டார்கள். திறந்தே இருக்கும்.

இந்த ஊரில் நோயாளிக்குத் துணை இருப்பவருக்கு பைஸ்டாண்டர் என்று பெயர். பக்கத்தில் நிற்பவன். அட்டையில் என் பெயருக்கு நேரே அதை எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

அக்கா பேச்சி அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் என்னிடம் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள், அவ்வளவுதான். கேட்டது அத்தானின் அண்ணன் மாடசாமி. இரண்டாம் நாள் ஊரிலிருந்து வந்திறங்கி, பை கூட வைக்காமல், வெயிட்டிங் ஹாலில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

“எந்தம்பி துடிக்கதப் பாத்துக்கிட்டு, கைய விரிச்சு மறிச்சுக்கிட்டு நின்னியாம்லா?”

ஆமா என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. நான் தரையைக் காட்டினேன். டைல்ஸ் போட்ட தரை. இந்தக் கல்லில் கரண்ட் இறங்குகிறது என்று வையுங்கள், இங்கே வேகம் அதிகம், அடுத்த கல்லில் கொஞ்சம் கம்மி, அதற்கடுத்ததில் இன்னும் கம்மி. ஒரு கால் இதிலும் ஒரு கால் அதிலும் வைத்தால், அந்த வித்தியாசம் போதும், ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். அதனால் ஓடக்கூடாது. கிட்டத்தில் மாட்டிக்கொண்டவன் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து, தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகி வர வேண்டும். நானே எழுந்து தேய்த்துக் காட்டினேன். கிறுக்கன் மாதிரி இருந்திருப்பேன். மாடசாமி என் பாதத்தையே பார்த்தார்.

“எங்க வெள்ளப்பசு இப்படித்தான் செத்துச்சு. மழைக்குக் கம்பி அந்து கெடந்துச்சு, அது மேல படவே இல்ல. முன்காலுக்கும் பின்காலுக்கும் எட்டம் ஜாஸ்திலா, அதானா?”

ஆமா, அதேதான் என்றேன். அவர் பையை இறக்கி வைத்தார். பிறகு, “அது மாடுல்லா கார்த்தி. இது என் தம்பி” என்றார்.



மூன்றாம் நாள் ராஜேட்டன் வந்தார். வார்டு வாசல் வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை. வெளியே பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்து கொண்டு வந்த கஞ்சித் தூக்கு மடியிலேயே ஆறிப்போனது. “ஞானா மோனே திரிச்சது” என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். நான்தானே மகனே திருப்பினேன் என்கிறார். நான் வாளியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. கஞ்சியை வாங்கி இரண்டு பேரும் குடித்தோம்.

அந்த வாரம் முழுக்க எங்கள் உயிர் ஒரு சத்தத்தில் தொங்கியது. டாப்ளர் என்று பேனா சைசில் ஒரு கருவி. ஜெல் தடவி விரல் நுனியில் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தம் உஷ் உஷ் என்று கேட்கும். காலையில் டாக்டரம்மா சுண்டு விரலில் ஆரம்பிப்பார். முதல் நாள் ஐந்து விரலிலும் கேட்டது. மூன்றாம் நாள் இரண்டாவது ஆபரேஷனில் செத்த சதையை வெட்டி நீக்கி வந்தபிறகு கட்டைவிரலில் மட்டும். பக்கத்துக் கட்டிலில் வித்துரா என்கிற ஊர்க்காரர் ஒருவர், வெந்நீர் பட்டவர். அவர் மனைவி லதாச்சேச்சி, எங்களுக்கு டாப்ளர் பார்க்கும்போதெல்லாம் தன் வீட்டுக்காரரின் போனைப் பிடுங்கி சைலண்டில் போட்டுவிடுவார். ஒருவரும் சொல்லாமலே வார்டே வாயை மூடிக்கொள்ளும். அத்தனை பேரும் சேர்ந்து அத்தானின் விரலைக் கேட்பார்கள்.

நாலாம் நாள் டிரஸ்ஸிங் மாற்றும்போது அக்காவை உள்ளே விட்டார்கள். சிஸ்டர் ஒரு இடுக்கியால் உள்ளங்கையிலிருந்து கறுப்பாக எதையோ இழுத்து இழுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். தலைமுடி போல மெல்லியதாக இருந்தது. அக்கா வெளியே வந்து என்னை மாடிப்படிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

“அது என்ன நாரு, தேங்கா நாரா?”

ஆமா.

“நனைச்சிருந்தாரா?”

நான்தான் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன் என்றேன். நைலான் கயிறு ஸ்டோரில் இருந்தது, சாவி என் பாக்கெட்டில் இருந்தது, கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள் என்று சொல்ல வேண்டியது என் வேலை, சொன்னால் எல்லார் முன்னாலும் கிண்டல் அடிப்பாரே என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் படிக்கட்டுக் கைப்பிடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள், அதில் அழுக்கே இல்லை.

“அவருட்ட கயிறப் பத்திப் பேசாத. உன்னயத் திட்டமாட்டாரு. நான்தான கேட்டேன்னு அவரயே தின்னுக்குவாரு. உம்மேல தப்புன்னு இருக்கட்டும், நீ சின்னப்பய, தாங்கிக்குவ.”

நான் தாங்கிக்கொள்வேன் என்று என் அக்கா நினைக்கிறாள்.

ஆறாம் நாள் காலை கட்டைவிரலிலும் சத்தம் வரவில்லை. டாக்டரம்மா மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார், ரத்தம் வரவில்லை. லதாச்சேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கே மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே கையை எடுத்தார்கள். சம்மதக் கையெழுத்து அக்கா போட்டாள்.

எடுத்த மறுநாள் அத்தான் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“மாப்ள, அந்தக் கை இன்னும் இருக்கு. கயிறப் பிடிச்ச மாதிரியே மூடிக் கெடக்கு, விரிக்க முடியல. நகம் உள்ளங்கையில குத்துது.”

இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஃபாண்டம் வலி. கை போனது மூளைக்கு இன்னும் தெரியாது, கடைசியாக அது எப்படி இருந்ததோ அப்படியே வைத்துக்கொண்டிருக்கும் என்றார் டாக்டரம்மா. மாத்திரை கொடுத்தார்கள். அக்கா அவருடைய இடது கையை எடுத்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து நீவிவிடுவாள், அதைப் பார்த்தாவது வலது கை திறக்கட்டும் என்று. சில சமயம் திறந்தது என்பார். அக்காவுக்காகச் சொல்கிறாரா என்று எனக்குச் சந்தேகம்.

நேற்று முன்தினத்திலிருந்து காய்ச்சல். மிச்சக் கையிலும் சதை கறுக்க ஆரம்பித்தது. முழங்கை இருப்பதற்கும் இல்லாததற்கும் ஏன் அவ்வளவு வித்தியாசம் என்று டாக்டரம்மா எங்களுக்கு விளக்கினார். முழங்கை இருந்தால் செயற்கைக் கையை மடக்கலாம், நீட்டலாம், ஒரு பொருளை உடம்போடு அணைத்துக்கொள்ளலாம். அது போய்விட்டால் மாட்டுகிற கை பெரும்பாலும் சும்மா தொங்கும். முயன்று பார்ப்போம், வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

இன்று காலை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அத்தான் சிரித்தார்.

“முழங்கை மட்டும் இருந்தாப் போதும் மாப்ள. ஒரு கொக்கிய மாட்டிருவோம். இவ்வளவு நாள் நான் கொக்கிக்கு வேலை பாத்தேன், இனி அது எனக்குப் பாக்கட்டும்.”

தள்ளிக்கொண்டு போகிறவர் வழியில் லிஃப்டுக்காக நிறுத்தினார். அத்தான் தலையைத் திருப்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பேச்சிக்குத் தெரியண்டா. கயிற நனைச்சதுதான் மாப்ள. படுத்துக் கெடந்து யோசிச்சேன். நம்ம பயலுவ இன்னும் நனைச்சுட்டுத்தான் இருப்பானுவ. நீ படிச்சவன்லா, எழுதிப் போடு. எம்பேரப் போட்டே எழுது.”

லிஃப்ட் வந்துவிட்டது. அந்தக் குழாயைத் திறந்தது நான் என்று சொல்வதற்குள் கதவு மூடிக்கொண்டது.

அதனால்தான் எழுதுகிறேன். பேர் போட்டேன் அத்தான். கயிற்றை நனைக்காதீர்கள். கையில் சுற்றாதீர்கள். லைன் ஆஃப் ஆகாமல் ஒரே ஒரு பீம் என்று எவனாவது சொன்னால், அவன் நானாகவே இருந்தாலும், கிரேன் சாவியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். கம்பியைப் பார்க்க நிற்கிறவன் லாரியைப் பார்க்கக்கூடாது, போனைப் பார்க்கக்கூடாது, செத்தாலும் கம்பியை மட்டும் பார்க்க வேண்டும். கம்பியில் முட்டிவிட்டால் யாரும் கிட்டே போகாதீர்கள். ஆமா, போகாதீர்கள் என்றுதான் எழுதுகிறேன். இன்னொரு தடவை நடந்தாலும் நான் கை விரித்து மறிப்பேன். அது சரி என்று தெரிந்தே மறிப்பேன், தெரிந்தும் தூங்கமாட்டேன்.

டாக்டரம்மா இப்போதுதான் வெளியே வந்தார். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார், இத்தனை நாளில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உயிருக்குப் பயமில்லை என்றார். முழங்கைக்கு மேலே நாலு விரல்கடை அளவில் எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றார். மனைவியிடம் நீங்களே சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

அக்கா முழங்கைக்காகத் தேங்காய் உடைக்கப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருக்கிறாள், இன்னும் வரவில்லை.